மாடிக்காரரின் இடது கை

துறைமுகத்தில் அவரை எல்லோரும் மாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாடியில் இருந்ததால் அல்ல. வீடு தரைத்தளம், சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மூக்கில் இடிக்கும். வேலைதான் மாடியில். கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் இறக்கும் பெரிய கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கேபின் தொங்குமே, அதற்குள் உட்கார்ந்து, காலுக்கடியில் இருக்கும் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தபடி வேலை செய்கிறவர். காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குக்கூட இறங்கமாட்டார். டப்பாவை மேலேயே எடுத்துப்போய்விடுவார்.

நான் அவரை அறிந்தது அவர் கீழே வந்த பிறகு. பக்கவாதத்தைப் பற்றிய ஆராய்ச்சி நடக்கும் ஒரு மருத்துவமனைப் பிரிவில் நான் பிசியோதெரபிஸ்ட். முதல் நாளே அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டதால் அவர் எனக்கு அண்ணன் ஆனார், அவர் மனைவி அண்ணி ஆனார். இங்கே நான் சொல்வதில் பாதி அண்ணி சொன்னது.

அண்ணிக்கு உயரம் என்றாலே ஆகாது. பரணில் இருக்கும் டப்பாவை எடுக்கக்கூட ஆள் தேடுவார். கல்யாணமான புதிதில் அண்ணன் அவரைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய்க் கிரேனுக்கு அடியில் நிறுத்தி, "அதோ, அங்கதான் நான்" என்று பெருமையாகக் காட்டினாராம். அண்ணாந்து பார்த்த அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பிறகு வீட்டில் கிரேன் பேச்சு எடுப்பதில்லை என்று ஒரு வாய்மொழி ஒப்பந்தம். "மேல என்னதான் இருக்கு, அப்படி ஒட்டிக்கிட்டு உட்கார்றீங்க?" என்று எப்போதாவது கேட்டால், "காத்து" என்பார். அதோடு சரி.

அது நடந்தது ஒரு காலை நேரம், வெயில் ஏறத் தொடங்கியிருந்தபோது. ஒரு கன்டெய்னரைத் தூக்கி, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கொண்டுவந்திருந்தார். திடீரென்று கன்டெய்னர் ஊஞ்சலாக ஆட ஆரம்பித்தது. காற்று என்று நினைத்து அதை அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. குனிந்து பார்த்தபோது, இடது கை லீவரில் இல்லை, தொடையின்மேல் கிடந்தது. "யாரோட கை என் மடியில கிடக்குதுன்னு பார்த்தேன் தங்கச்சி" என்று பின்னால் என்னிடம் சொன்னார். வலது கையால் சிவப்புப் பட்டனை அடித்துக் கிரேனை நிறுத்திவிட்டு வாக்கிடாக்கியில் பேசினார். வார்த்தை கொழகொழவென்று வந்தது. கீழே இருந்தவர்கள் மாடிக்காரர் கிண்டல் பண்ணுகிறார் என்று சிரித்திருக்கிறார்கள். சிக்னல் கொடுப்பவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மாமனாருக்கு இதே மாதிரி வாய் குழறியதை அவர் பார்த்திருந்தார். அவர்தான் கத்திக் கூப்பிட்டு ஆளைக் கூட்டினார்.

அந்த உயரத்திலிருந்து, கால் வராத ஒருவரை, ஒரு ஆள் நிற்கிற லிஃப்டில் இறக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மருத்துவமனைக்கு வந்து ஸ்கேன் எடுத்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்று தெரிந்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றும்போது, அதை ஏற்றியாக வேண்டிய சில மணி நேரக் கெடு முடியும் தறுவாயில் இருந்தது. மருந்து வேலை செய்தது. பேச்சு தெளிந்தது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. கை மட்டும் வரவில்லை.

வீட்டுக்குப் போகும் முன் பெரிய டாக்டர் அவரிடம் எங்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினார். அப்போதுதான் நான் அவரை முதலில் பார்த்தேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலில் தெரிந்ததோ வண்டி நிறுத்தும் இடம்தான்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தலையின்மேல் ஒரு காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டுவார்கள்; உடனே கைக்கு உடற்பயிற்சி. வெறும் பயிற்சியைவிட இது கூடுதல் பலன் தருமா என்று யாருக்கும் இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆராய்ச்சி. வருபவர்களில் பாதிப் பேருக்கு நிஜமான காந்தம். மீதிப் பேருக்கு அதே சுருள், அதே சத்தம், ஆனால் உள்ளே காந்தம் இருக்காது. யாருக்கு எது என்பது கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குகிற மாதிரி முடிவு செய்யும். நோயாளிக்கும் தெரியாது, பயிற்சி கொடுக்கிறவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"அப்போ பாதிப் பேருக்கு வெறும் டக்கு டக்குதானா?" என்றார் அண்ணன். "என் மச்சான் வாக்குக் கொடுக்கிற மாதிரி."

அண்ணி முறைத்தார். மச்சான் என்பது அண்ணியின் தம்பி.

"விருப்பம் இல்லைன்னா வேண்டாம். வழக்கமான பயிற்சி எப்படியும் உண்டு" என்றார் டாக்டர்.

"நான் திரும்ப மேல போகணும் டாக்டர். அதுக்கு எதுல சேரணும்னாலும் சேருறேன்."

டாக்டர் அதற்கு வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது. அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பிரிவு ஒரு நீளமான தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. முதல் அறையில் இயந்திரம். பல் டாக்டரிடம் இருப்பது போன்ற சாயும் நாற்காலி, அதன் தலைமாட்டில் எட்டு மாதிரி வளைந்த சுருள். அடுத்த அறை என்னுடையது: மேசை, மரக்கட்டைகள், துணி மாட்டும் கிளிப்புகள், தண்ணீர் டம்ளர்கள், பூட்டும் சாவியும். முதல் அறையில் டக் டக் டக் என்று சத்தம் கேட்கும். அது நின்றதும் கதவு திறந்து ஆள் என்னிடம் வருவார். அவர் தலைக்குள் போனது காந்தமா சத்தமா என்று யோசிக்கக்கூடாது என்பது எனக்கு விதி. யோசிக்காமல் எப்படி இருப்பது?

அண்ணனுக்கு முந்தைய நேரத்தில் வருபவர் ஒரு சலூன்காரர். அவருக்கு வலது கை போயிருந்தது. முடிவெட்டுகிறவருக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? வாய் மிச்சம் இருந்தது. தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற டாக்டர்களின் தலையை எல்லாம் விமர்சிப்பார். "அந்தச் சின்ன டாக்டர் தலையைப் பாரு. யாரோ கண்ணை மூடிக்கிட்டு வெட்டியிருக்கான்." அவருக்கும் அண்ணனுக்கும் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டது.

"உனக்கு நிஜமா, பொய்யா?" என்பார் சலூன்காரர்.

"நிஜம்தான். உச்சந்தலையில குறுகுறுங்குது."

"அது பொடுகுய்யா."

சில வாரங்களில் ஒரு நாள் அண்ணனின் இடது கட்டைவிரல் அசைந்தது. மேசைமேல் கை கவிழ்ந்து கிடந்தது. "தூக்குங்க, மனசால தூக்குங்க" என்று நான் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் எறும்பு நகர்கிற அளவுக்கு அசைந்தது. நான் பேச்சை நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். மறுபடி அசைத்தார். வெளியே உட்கார்ந்திருந்த அண்ணியைக் கூப்பிட்டேன். அண்ணி வந்து குனிந்து பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

"நிஜமான காந்தம்தான்னு இப்போ தெரிஞ்சுபோச்சு" என்றார் அண்ணன். நான் ஒரு மரக்கட்டையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அதன்பின் அவர் உழைத்த உழைப்பு சாதாரணமானதல்ல. வீட்டில் கிளிப்புகளைக் கொடிக்கயிற்றில் மாட்டுவதும் எடுப்பதுமாக, அண்ணிக்குத் துணி காயப்போட இடம் இல்லாமல் செய்துவிட்டார். டம்ளரைப் பிடித்தார். கதவைத் திறந்தார். சட்டைப் பட்டன் போட ஒரு முழுக் காலைப்பொழுதை எடுத்துக்கொண்டார், ஆனால் போட்டார். சிகிச்சைக் காலம் முடிந்தபோது எங்கள் பிரிவிலேயே நன்றாகத் தேறியவர்களில் அவர் ஒருவர்.

அந்தத் தைரியத்தில்தான் துறைமுகத்தின் உடல்தகுதிப் பரிசோதனைக்குப் போனார். அங்கே இருந்த டாக்டர் நல்ல மனிதர். கையை நீட்டச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தொடச் சொன்னார். அண்ணனின் விரல்கள் கூட்டமாகத்தான் நகர்ந்தன, தனித்தனியாக வரவில்லை. அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணனுக்குப் பதில் அதிலேயே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு அவர் எங்களிடம் வந்தது பரிசோதனைக்காக மட்டும். கை அதே அளவில் நின்றுவிட்டது. பேச்சு மாறியது.

"எனக்குச் சத்தம்தான் குடுத்திருக்காங்க தங்கச்சி. இப்போ எனக்கு நல்லாத் தெரியுது."

"அப்படி ஏன் நினைக்கிறீங்க அண்ணே?"

"நிஜத்தைக் குடுத்திருந்தா நான் இந்நேரம் மேல இருந்திருப்பேன்."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போய்க் கைகூடாமல் போன சம்பந்தத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். நிஜமான காந்தம் கிடைத்த ஒருவன் எங்கேயோ இருக்கிறான், அவன் கை பழையபடி ஆகிவிட்டது, அவன் தன் வேலைக்குப் போய்விட்டான் என்று அவர் மனதில் ஒரு ஆள் உருவாகியிருந்தான். அவனைப் பற்றியே பேசுவார். "அவனுக்கு இப்போ சட்டைப் பட்டன்லாம் ஒரு விஷயமா?" என்பார்.

தினமும் சாயங்காலம் துறைமுகச் சாலைக்கு நடந்துபோய், கம்பி வேலிக்கு வெளியே நின்று கிரேன்களைப் பார்ப்பார். தன் கிரேனில் உட்கார்ந்திருக்கிற புது ஆளின் கைவாகை, கன்டெய்னர் ஆடுகிற ஆட்டத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "அவசரக்காரன்" என்பார். சில நாள் "இன்னைக்கு நல்லா பண்றான்" என்பார். அண்ணி கூடவே போய், வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவரால் அந்தப் பக்கம் பார்க்க முடியாது.

ஒருமுறை பரிசோதனைக்கு வந்திருந்தபோது, அண்ணன் உள்ளே இருக்க, அண்ணி என் அறையில் உட்கார்ந்திருந்தார். தானாகவே பேச ஆரம்பித்தார்.

"கல்யாணம் ஆனதிலிருந்து மதியச் சாப்பாடு தனியாத்தான் சாப்பிட்டேன். இவர் எப்போ கீழ வருவார், எப்போ கீழ வருவார்னே காலம் போச்சு. காத்து அடிச்சா வாசலுக்கும் உள்ளுக்குமா நடப்பேன். சாமிகிட்டகூடக் கேட்டிருக்கேன், இவரைப் பத்திரமா இறக்கி விடுன்னு. இப்போ இறக்கி விட்டாச்சு. எதிர்லயே உட்கார்ந்து சாப்பிடுறார். ஆனா பாருங்க, நான் பேசினா காதுல விழறதே இல்ல. இன்னும் வீட்டுக்கு வந்து சேரல இந்த மனுஷன்."

அவர் அழவில்லை. மேசைமேல் இருந்த கிளிப் ஒன்றைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

முடிவுகள் வர நாளாயிற்று. பல ஊர் மருத்துவமனைகளிலிருந்து கணக்குகள் வந்து சேர்ந்து, சரிபார்க்கப்பட்டு, கடைசியில் ஒரு பிற்பகல் பெரிய டாக்டர் கலந்துகொண்ட எல்லோரையும் கூட்டரங்குக்கு அழைத்தார். டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். கைத்தடிகள், சக்கர நாற்காலிகள், கூட வந்த மனைவிமார், கணவன்மார். சலூன்காரர் முன்வரிசையில் அண்ணனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். காந்தம் பெற்றவர்களும் முன்னேறினார்கள், பெறாதவர்களும் முன்னேறினார்கள். இரண்டு பக்கமும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த முறையில் காந்தத்தால் கூடுதல் பலன் இல்லை. இனி இதற்காக யாரும் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்று உலகத்துக்குச் சொல்ல முடிவதும் ஒரு பலன்தான். அதற்கு நீங்கள்தான் காரணம் என்று நன்றி சொன்னார். சிலர் கை தட்டினார்கள். ஒற்றைக் கையால் தொடையில் தட்டினவர்கள் உண்டு.

விரும்புகிறவர்கள் தங்களுக்குக் கிடைத்தது எது என்று தெரிந்துகொள்ளலாம் என்றதும் சலூன்காரர் முதல் ஆளாக எழுந்துபோனார். அண்ணன் அவர் பின்னால் போனார். எனக்கும் அன்றுதான் தெரியவந்தது. சலூன்காரருக்கு நிஜமான காந்தம். அண்ணனுக்குச் சத்தம்.

சலூன்காரர் தன் வலது கையைப் பார்த்தார். அது இன்னும் மொட்டு மாதிரி மடங்கியேதான் இருந்தது. "எனக்கு நிஜமாம்பா" என்றார் அண்ணனிடம். "உனக்கு டக்கு டக்கு. நியாயமாப் பார்த்தா உன் கை என்கிட்ட இருக்கணும். குடு, மாத்திக்கலாம்." சிரிக்கத்தான் சொன்னார். முடியவில்லை. குரல் உடைந்துவிட்டது. அண்ணன் தன் இடது கையை, தேறிய அந்தக் கையை, அவர் தோளில் போட்டார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

நான் அருகில் போனேன். "அண்ணே, அந்த விரலை அசைச்சது காந்தம் இல்ல, நீங்கதான்" என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அது சரி தங்கச்சி" என்றார். "எனக்குக் கிடைக்காதது எவனுக்கோ கிடைச்சிருக்குன்னு இத்தனை நாளா நெனச்சிருந்தேன். அவன்மேல பொறாமைதான். ஆனாலும் அவன் ஒருத்தன் இருந்தான். இன்னைக்கு அவனும் இல்லைன்னு ஆயிடுச்சே."



அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தக் கட்டடத்துக்கு மொட்டை மாடி உண்டா?" என்று கேட்டார்.

உண்டு. சலவைத் துணி காயப்போடும் இடம். "எதுக்கு அண்ணி?"

"துறைமுகம் தெரியுமா அங்கிருந்து?"

தெரியும் என்றேன். அண்ணி அண்ணனின் சட்டையைப் பிடித்து, "வாங்க" என்றார். அவர் விழித்தார். "உனக்கு ஆகாதும்மா" என்றார். "ஆகாதுன்னா நீங்க பிடிச்சுக்கோங்க" என்றார் அண்ணி.

மூன்று பேரும் லிஃப்டில் போனோம். மேலே மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அண்ணி மாடிக் கதவைத் தாண்டி நாலடி வைத்ததும் நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அண்ணனின் இடது முழங்கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியபடி கைப்பிடிச் சுவர்வரை நடந்தார்.

"இப்போ சொல்லுங்க" என்றார், கண்ணைத் திறக்காமல். "மேல என்ன இருந்துச்சு?"

அண்ணன் துறைமுகத்தின் பக்கம் திரும்பினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். விடிகிறபோது முதலில் வெளிச்சம் தண்ணீரில் படாது, கிரேனின் நெற்றியில்தான் படும் என்றார். மழை தூரத்தில் நடந்து வருவதைப் பார்க்கலாம், கீழே இருப்பவர்களிடம் "இன்னும் கொஞ்ச நேரத்துல நனையப் போறீங்க" என்று சொன்னால் நம்பமாட்டார்கள் என்றார். கடல் பறவைகள் முதுகைக் காட்டிக்கொண்டு காலுக்கடியில் பறக்கும் என்றார். கன்டெய்னர் சத்தமே இல்லாமல் தன் இடத்தில் போய் உட்காரும்போது உள்ளங்கையில் அது தெரியும் என்றார். அப்படிச் சொல்லும்போது அவருடைய இடது கை சுவரின் விளிம்பில் மெல்ல முன்னே போய்ப் பின்னே வந்தது.

"நம்ம வீடு தெரியுமா அங்கிருந்து?" என்றார் அண்ணி.

"வீடு தெரியாது. வீட்டுக்குப் பின்னால இருக்கே தண்ணி டேங்க், அது தெரியும். சாப்பிடும்போது அந்தப் பக்கமாத் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவேன்."

அண்ணி கண்ணைத் திறந்தார். கீழே பார்க்கவில்லை. அவரையே பார்த்தார். "இதை ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே மனுஷா" என்றார்.

"பேசக்கூடாதுன்னு நீதானே சொன்னே?"

நான் அவர்களை விட்டுவிட்டு விரிப்புகளுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன்.

அண்ணன் மறுபடி கிரேனில் ஏறவில்லை. ஏறப்போவதும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆசை போய்விட்டதா என்று நான் ஒருமுறை கேட்டேன். "அது எங்க போகும்?" என்றார். துறைமுகச் சாலைக்கு இன்னும் போகிறார். அண்ணி இப்போதும் வேலிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார். ஆனால் "அங்க என்ன நடக்குது, சொல்லுங்க" என்று கேட்கிறார். அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சலூன்காரர் கடையைத் தன் மச்சினனிடம் விட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களைக் கிண்டல் செய்கிறார். அண்ணன் அங்கேதான் முடிவெட்டிக்கொள்கிறார்.

போன வருடம் எங்கள் பிரிவில் அடுத்த ஆராய்ச்சி தொடங்கியது. இந்த முறை ஒரு மாத்திரை. பக்கவாதம் வந்து சில வாரங்களே ஆனவர்கள் மட்டும்தான் சேரலாம். தெரிந்தும் அண்ணன் என்னிடம் கேட்டார், "என்னைச் சேர்த்துக்க மாட்டீங்களா?" என்று. முடியாது என்றேன். "சும்மா கேட்டேன்" என்றார். நோயாளிகளுக்குக் கொடுக்கும் விளக்கத்தாளைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பழைய நோயாளிகள் சிலரை டாக்டர் அழைத்திருந்தார். அதற்கு வரச் சொன்னேன்.

வந்தார். அண்ணி வாசித்துக் காட்ட, முழுவதையும் கேட்டார். மருந்தில்லாத மாத்திரைக்கு அதில் போலி மாத்திரை என்று எழுதியிருந்தோம். அந்த இடத்தில் கையைத் தூக்கினார்.

"போலின்னு போடாதீங்க டாக்டர்" என்றார். "அந்தச் சத்தத்துக்கு அடியில நான் தினமும் வந்து உட்கார்ந்தேன். நான் வந்தது போலி இல்ல."

டாக்டர் பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்துவிட்டு, மருந்து சேர்க்காத மாத்திரை என்று எழுதினார். அண்ணன் தலையாட்டினார். அடுத்த பக்கத்தைப் புரட்டும்படி அண்ணியிடம் ஜாடை காட்டினார்.